உவர்க்காற்றும் ஓலைச்சுவடியும்
(ஏறாவூர்ப் பகுதியின் பழம்பொருட் பேணுகை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு)

வரலாற்றாசிரியன் சான்றுகளைத் தேடிச் செல்கின்றான். அச்சான்றுகள் அவன் வந்து சேரும்வரை எவ்வாறு பிழைத்திருந்தன என்னும் வினாவை அவன் பெரும்பாலும் எழுப்புவதில்லை. கல்வெட்டு ஓரளவு தன்னைத் தானே காத்துக்கொள்ளும். ஓலையும் தாளும் மரமும் துணியும் அத்தகையன அல்ல. ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவருடைய கை அவற்றைத் தொட்டுத் துடைத்துக் காத்தமையாலேயே அவை அடுத்த தலைமுறையை அடைந்தன. ஆதலின் பழம்பொருள்களைப் பேணிய முறையின் வரலாறும் வரலாற்றின் ஒரு பகுதியே. இக்கருத்தை ஏறாவூரையும் அதனைச் சூழ்ந்த பகுதியையும் நிலைக்களனாகக் கொண்டு ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பகுதியிலிருந்து தெற்கே கல்முனைப் பகுதிவரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. ஏறாவூருக்கு ஒருபுறம் இவ்வாவி. மறுபுறம் புன்னைக்குடாக் கடல். இரு நீர்ப்பரப்புகளுக்கும் இடைப்பட்ட இவ்வூரில் தமிழரும் முஸ்லிம்களும் நெடுங்காலமாக அடுத்தடுத்து வாழ்ந்து வருகின்றனர். ஊர்ப்பெயர்க்கு வழங்கும் மரபுரையும் இவ்வயலுறவைச் சார்ந்ததே. முக்குவர் பட்டாணியரின் துணைகொண்டு திமிலரை வென்று வடக்கே துரத்தினர் என்றும், அப்போர் நிகழ்ச்சிகளை ஒட்டியே சத்துருக்கொண்டான், ஏறாவூர், சந்திவெளி முதலான இடப்பெயர்கள் தோன்றின என்றும் அம்மரபுரை கூறும். இதனை அப்படியே வரலாறாகக் கொள்ளுதல் இயலாது. எனினும், இரு சமூகத்தாரும் தம் தொடக்கத்தை ஒரே கதையினுள் வைத்துப் பேசியமை கருதத்தக்கது.

இத்தகைய செய்திகள் நமக்குக் கிடைத்தமைக்கு ஏடுகளே காரணம். ஏட்டு வழியாக வந்த மட்டக்களப்பு மான்மியத்தை எஃப். எக்ஸ். சி. நடராசா அவர்கள் 1962 ஆம் ஆண்டில் பதிப்பித்து வெளியிட்டார். கண்ணகி வழக்குரையை வித்துவான் வீ. சீ. கந்தையா அவர்கள் 1968 ஆம் ஆண்டில் பதிப்பித்தார். கோயில்களில் ஏடுகள் இருந்தமை போலவே, கிழக்கிலங்கை முஸ்லிம் இல்லங்களிலும் பள்ளிவாசல்களிலும் அரபுத் தமிழில் எழுதப்பட்ட கையெழுத்துப் பிரதிகள் பேணப்பட்டு வந்தன. எழுத்து வேறு, எழுதப்பட்ட பொருள் வேறு. ஆயினும் அவற்றைச் சூழ்ந்த காற்று ஒன்றே.

அக்காற்றின் இயல்பை முதலில் நோக்குவோம். பனையோலையும் தாளிப்பனையோலையும் செலுலோசு, இலிக்கினின் என்னும் பொருள்களால் ஆகியவை. காற்றின் ஈரம் மிகும்போது அவை ஈரத்தை உறிஞ்சி விரியும். காற்று வறளும்போது சுருங்கும். இவ்விரிவும் சுருக்கமும் இடைவிடாது மாறி நிகழின் ஓரங்கள் பிளந்து ஓலை நொறுங்கும். சாரீரப்பதன் 65 வீதத்தைக் கடந்து பல நாள் நீடிப்பின் பூஞ்சணம் வேரூன்றும். வாவிக்கரைக் காற்று இவ்வெல்லையைப் பெரும்பாலும் கடந்தே நிற்பது. அதனினும் பெரிய இடர் உப்பாகும். சாரீரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தை எட்டியதும் சோடியங்குளோரைட்டுத் துகள் காற்றிலுள்ள ஈரத்தைத் தானே ஈர்த்துக் கரையத் தொடங்கும். கடற்காற்றுக் கொணரும் உப்புத்துகள் ஏட்டின் மீதோ செப்புப் பாத்திரத்தின் மீதோ படியுமாயின், மழையில்லாத நாளிலும் அப்பொருளின் மேற்பரப்பு நனைந்தே இருக்கும்.

இவ்வுண்மைகளை அறிவியல் கண்டறிந்த வரலாறு நீண்டதன்று. 1888 ஆம் ஆண்டில் பேர்லின் அரச நூதனசாலைகளுக்கென ஓர் இரசாயன ஆய்வுகூடம் அமைக்கப்பட்டு, பிரீட்றிக் றாத்கன் என்னும் இரசாயனவியலாளர் அதன் பொறுப்பை ஏற்றார். இத்துறையின் தொடக்கமாக இதனையே கொள்வர். முதலாம் உலகப் போரின்போது பிரித்தானிய நூதனசாலையின் பொருள்கள் சில, குண்டுவீச்சுக்கு அஞ்சி இலண்டனின் நிலத்தடிப் புகையிரதச் சுரங்கத்தில் வைக்கப்பட்டன. போர் முடிந்து வெளியே எடுத்தபோது இரும்பு துருப்பிடித்திருந்தது. வெண்கலத்தில் பச்சைப் புள்ளிகள் தோன்றியிருந்தன. கற்களிலும் மட்பாண்டங்களிலும் உப்பு பூத்திருந்தது. குண்டுக்குத் தப்பிய பொருளை ஈரம் அழித்தது என்க. இதன் பயனாகவே 1920 ஆம் ஆண்டளவில் அலெக்சாந்தர் ஸ்கொட் என்பவரின் பொறுப்பில் அங்கு ஓர் ஆய்வுகூடம் உருவாயிற்று. போர்க்காலத்தில் ஒளித்துவைத்தல் மட்டும் பேணுதல் ஆகாது என்னும் இப்பாடம் நம் நாட்டினர்க்கும் உரியது.

தமிழுலகில் இத்துறை வேரூன்றியது சென்னையிலாகும். எழும்பூர் அரசாங்க நூதனசாலையில் 1930 ஆம் ஆண்டில் இரசாயனப் பேணுகை ஆய்வுகூடம் தொடங்கப்பட்டது. அங்குப் பணியாற்றிய எஸ். பரமசிவன் அவர்கள் செப்புத் திருமேனிகளைத் தாக்கும் நோயை ஆராய்ந்தார். மண்ணுள் நெடுங்காலம் கிடந்த வெண்கலத்தினுள் குளோரைட்டுப் புகுந்து தங்கிவிடும். அகழ்ந்தெடுத்த பின்னர் காற்றின் ஈரமும் ஒட்சிசனும் அதனோடு கூட, இளம்பச்சைத் தூள் வெளிப்படும். உடன் தோன்றும் அமிலம் எஞ்சிய செம்பை அரிக்கும். அதனால் மீண்டும் குளோரைட்டு உண்டாகும். இவ்வட்டம் தானே நில்லாது. பரமசிவன் அவர்கள் இதற்கு மின்பகுப்பு முறையைக் கையாண்டார். திருமேனியை எதிர்மின்வாயாக அமைத்து, ஐதான சோடியமைதரொட்சைட்டுக் கரைசலில் மின்னைச் செலுத்திக் குளோரைட்டை வெளியேற்றுவதே அம்முறை. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர்கால ஓவியங்களையும் அவர் இரசாயன நோக்கில் ஆராய்ந்தார். இலங்கையில், 1967 ஆம் ஆண்டு ஒக்டோபரிற் சிகிரியா ஓவியங்கள் மீது விசமிகள் வண்ணம் பூசிச் சிதைத்தபோது, இரசாயனவியலாளரும் தொல்பொருள் ஆணையாளருமாகிய இராஜா த சில்வா அவர்களின் காலத்தில், இத்தாலிய வல்லுநர் லூசியானோ மறான்சியின் துணையுடன் அவை சீர்செய்யப்பட்டன.

இவ்வறிவியல் தன்னைத் தானே திருத்திக்கொண்டும் வந்துள்ளது. மின்பகுப்பு முறை திருமேனியின் மேற்பரப்பிற் காலம் படியவைத்த இயல்பான நிறத்தையும் அகற்றிவிடும் என்பது பின்னர் உணரப்பட்டது. 1967 ஆம் ஆண்டு முதல் பென்சோதிரையசோல் என்னும் சேர்வை கொண்டு செம்பின் மீது மெல்லிய காப்புப் படலம் அமைக்கும் முறை பரவிற்று. பூச்சிகளைக் கொல்ல ஒருகாலத்தில் தாராளமாகப் பயன்பட்ட நச்சு மருந்துகள் மனிதர்க்கும் பொருளுக்கும் தீங்கு செய்வன எனக் கண்டு, காற்றுப்புகா உறையினுள் நைதரசனை நிரப்பி ஒட்சிசனைக் குறைத்துச் சில வாரம் வைத்தல் போன்ற முறைகளை இன்று கையாளுகின்றனர். காரி தொம்சன் 1978 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூதனசாலைச் சூழல் பற்றிய நூல், பழுதடைந்தபின் மருத்துவம் செய்வதினும் ஒளியையும் ஈரத்தையும் அளந்து கட்டுப்படுத்தலே தலையாயது என்னும் கொள்கையை நிலைநாட்டிற்று. வருமுன் காத்தலே இன்றைய பாதுகாப்பியலின் சாரம் எனலாம்.

இவ்விடத்தில் நாம் நம் முன்னோர் முறையை மீண்டும் நோக்குதல் வேண்டும். ஓலையை அவித்து, உலர்த்தி, தேய்த்து மெருகிட்ட பின்னரே எழுத்தாணியால் எழுதினர். மஞ்சளும் வேம்பும் பூச்சியை விலக்கின. அடுப்பங்கரைப் பரணின் புகை ஏட்டை உலர்வாக வைத்தது. இவையெல்லாம் பலரும் அறிந்தன. பலர் கருதாத ஒன்றையே நாம் சுட்ட விரும்புகின்றோம். மட்டக்களப்புப் பகுதிக் கண்ணகி கோயில்களில் வைகாசித் திங்களிற் சடங்கு நிகழும். அப்போது வழக்குரை ஏடு பாடப்படும். இப்பகுதிக்குப் பெருமழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. கார்த்திகை முதல் தை வரையான மாதங்களே ஈரம் மிக்கவை. வைகாசி வறண்ட காலம். ஆகவே, ஆண்டுக்கொரு முறை, காற்று உலர்ந்திருக்கும் பருவத்தில், ஏட்டுக்கட்டு அவிழ்க்கப்பட்டு, ஒவ்வோர் ஓலையும் கையினாற் புரட்டப்பட்டுக் காற்றாட நேர்ந்தது. புழு வைத்த ஓலை அப்போதே கண்ணுக்குப் புலனாகியிருக்கும். நைந்ததைப் படியெடுத்து வைக்கவும் வாய்ப்புக் கிட்டியது. சடங்கு இந்நோக்கம் கருதியே வைகாசியில் அமைந்தது என நாம் வாதிடவில்லை. நோக்கம் எதுவாயினும், பயன் அதுவாயிற்று என்பதே எமது துணிபு. ஓதுதலே ஏட்டுக்கு உயிராக இருந்தது.

அங்ஙனமாயின் ஓதுதல் நின்றால் என்னாகும்? அச்சுப் பதிப்பு நூலைக் காத்தது. ஆனால் அச்சுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடத் தொடங்கியதும் ஏடு பெட்டிக்குள் ஒதுங்கிற்று. மதிப்பு மிகுதியால் அதனைப் பூட்டிவைத்தனர். பூட்டிய பெட்டியே பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் உகந்த இடமாயிற்று. இதனோடு பேரிடர்களும் சேர்ந்தன. 1978 நவெம்பர் 23 ஆம் நாட் சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்தின் கூரைகளைப் பெயர்த்துப் பெட்டிகளை மழையில் இட்டது. 1990 ஆகஸ்டில் ஏறாவூர் முஸ்லிம் மக்களும், செப்டெம்பரிற் சத்துருக்கொண்டான் பகுதித் தமிழ் மக்களும் படுகொலை செய்யப்பட்டனர். ஒரே மரபுரையிற் பெயர்பெற்ற இரண்டூர்கள் ஒரு மாத இடைவெளியில் ஒரே வகைத் துயரை அடைந்தன. மாண்ட உயிர்களின் முன் ஏட்டின் இழப்பைப் பேசுதல் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் மக்கள் ஓடிய வீடுகளில் நிலவுறுதியும் திருமணப் பதிவும் முன்னோர் கையெழுத்தும் தனித்து விடப்பட்டன. ஓர் ஊரில் இன்னார் வாழ்ந்தனர் என்பதற்கு அவையே சான்று. பின்னர் 2004 திசெம்பர் 26 ஆம் நாட் கடற்கோளும் இக்கரையைத் தாக்கிற்று.

எஞ்சியவற்றைப் படம்பிடித்து மின்னணு வடிவிற் சேமித்தால் போதாதோ என வினவலாம். 2005 ஆம் ஆண்டில் தொடங்கிய நூலக நிறுவனத்தின் எண்ணிம நூலகம் ஈழத்து எழுத்துகளைக் காப்பதில் ஆற்றிவரும் பணி பெரிது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது இத்தகைய படிகள் இருந்திருப்பின் இழப்பின் அளவு குறைந்திருக்கும். எனினும் படம் பாடத்தைக் காக்குமேயன்றிச் சான்றை முழுமையாகக் காவாது. மான்மியத்தின் எப்பகுதி பழையது, எப்பகுதி பின்னர்ச் சேர்ந்தது என்பது அறிஞரிடை வழக்கிலுள்ள வினா. ஓலையின் இனம், வெட்டிய அளவு, எழுத்தாணியின் ஆழம், மையின் தன்மை ஆகியவற்றை மூல ஏட்டிலேயே முழுமையாக ஆராய முடியும். ஏடு அழியின் அவ்வினாவுக்குரிய விடையும் உடன் அழியும்.

ஏறாவூர்ப்பற்றின் வந்தாறுமூலையில் 1981 ஆம் ஆண்டு பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றி, 1986 இற் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. வாவிக்காற்றை நாள்தோறும் சுவாசிக்கும் இந்நிறுவனத்துக்கு அண்மையிலேயே இவ்வாய்வுக்குரிய களம் உள்ளது. பெருஞ் செலவு வேண்டுவதில்லை. கோயில், பள்ளிவாசல், இல்லம் என மூவகை இடங்களிற் பன்னிரு திங்கள் வெப்பநிலையையும் சாரீரப்பதனையும் அளந்து குறித்தல் முதற்பணி. இருப்பவற்றின் பட்டியலை, உடைமையாளரிடமிருந்து பொருளைப் பெயர்க்காது, தமிழ் மாணவரும் முஸ்லிம் மாணவரும் கூடிச்சென்று தயாரித்தல் இரண்டாவது. வறண்ட திங்களில் ஆண்டுக்கொரு முறை பெட்டியைத் திறந்து பார்த்தல், நிலத்தினின்று உயர்த்தித் தூய பருத்தித் துணியிற் சுற்றிவைத்தல், ஆராயாது எண்ணெயோ மருந்தோ பூசாதிருத்தல் ஆகியவற்றை உடைமையாளர்க்கு எடுத்துரைத்தல் மூன்றாவது.

பேர்லினும் இலண்டனும் சென்னையும் கற்பித்த பாடம், வைகாசிச் சடங்கின் ஏடு ஏற்கெனவே உணர்த்திய பாடத்தினின்றும் வேறன்று. பொருளைப் பூட்டிவைப்பவர் அதனைக் காப்பவர் ஆகார். உரிய காலத்தில் திறந்து பார்ப்பவரே காப்பவர். இவ்வாண்டு வைகாசியில் ஏறாவூர்ப் பகுதியில் எத்தனை பெட்டிகள் திறக்கப்படும் என்பதைப் பொறுத்தே, நாளைய வரலாற்றாசிரியன் இங்கு வந்து எதனைக் காண்பான் என்பது அமையும்.