சந்தாவில் எழுந்த இரு சிலைகள்

விழுப்புரம், திண்டிவனம் போன்ற நம் ஊர்களின் நாற்சந்திகளில் தலைவர்களின் சிலைகளைக் காண்கிறோம். குழு அமைத்து, சந்தா திரட்டி, பொது இடத்தில் சிலை நிறுவும் வழக்கம் நம் மாநிலத்தில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுப் பழமை உடையது. அவ்வாறு சென்னையில் எழுந்த இரு சிலைகளின் வரலாறு நம் சிந்தனைக்கு உரியது.

1820 முதல் சென்னை மாகாண ஆளுநராக விளங்கியவர் சர் தாமஸ் மன்றோ. தாயகம் திரும்புமுன், தாம் முன்பு பணியாற்றிய ஆந்திரப் பகுதி மக்களிடம் விடைபெறச் சென்றவர், பத்திகொண்டா என்னும் ஊரில் காலரா நோய்க்கு ஆளாகி 1827 ஜூலை 6 அன்று இறந்தார். செய்தி எட்டியதும் சென்னையில் பொதுக்கூட்டம் கூடியது. ஐரோப்பியரோடு இந்தியரும் சந்தா அளித்தனர். இலண்டன் சிற்பி சர் பிரான்சிஸ் சான்ட்ரி உருவாக்கிய வெண்கலக் குதிரை வீரர் சிலை கப்பலில் வந்து, 1839ஆம் ஆண்டு தீவுத்திடல் அருகே நிறுவப்பட்டது.

இடைத்தரகரின்றி உழவரே நேரடியாக அரசுக்குத் தீர்வை செலுத்தும் இரயத்துவாரி முறையை நிலைநிறுத்தியவர் மன்றோ. நம் பழைய தென்னார்க்காடு மாவட்டமும் அம்முறைக்கு உட்பட்டதே. அவர் அயலாட்சியின் அலுவலர். அக்காலத் தீர்வையும் கடுமையானது. எனினும் 1822இல் நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். உயர்பதவிகளில் இந்தியரை அமர்த்த வேண்டும் என 1824இல் எழுதி வைத்தார்.

மற்றொரு சிலை கர்னல் நீல் என்பவருடையது. 1857 விடுதலைப் போரின்போது அலகாபாத்திலும் கான்பூரிலும் கொடிய பழிவாங்கலை நடத்திய படைத்தலைவர் அவர். அவருக்கும் சந்தா திரண்டது. மவுண்ட் ரோட்டில் சிலையும் எழுந்தது. ஆனால் 1927இல் அதை அகற்றக் கோரி நம் இளைஞர்கள் அறப்போர் தொடுத்துச் சிறை புகுந்தனர். 1937இல் இராஜாஜி அமைச்சரவை அதனை அகற்றியது. பின்னர் அது அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது. மன்றோ சிலையோ நாடு விடுதலை பெற்ற பின்னும் நிற்கிறது. இரண்டுக்கும் பணம் தந்தோர் இருந்தனர். ஆனால் நீலை ஏற்க மக்கள் மறுத்துவிட்டனர்.

மன்றோவின் முறையை ஜமீன் நிலங்களுக்கும் விரிவாக்கிய பெருமை நம் மண்ணின் மைந்தர் ஒருவரைச் சாரும். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895இல் பிறந்த ஓ. பி. இராமசாமி ரெட்டியார், 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை மாகாணப் பிரதமராக இருந்தார். 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் அவர் ஆட்சியில் நிறைவேறியது. அப்போது சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக வீற்றிருந்தவர் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாகிப் அவர்கள். சென்னையில் ஓமந்தூரார் பெயரால் உயர் சிறப்பு மருத்துவமனையும், காயிதே மில்லத் பெயரால் அரசு மகளிர் கல்லூரியும் இயங்கி வருகின்றன.

உருவச் சிலை அமைப்பது நம் மார்க்க மரபன்று. ஆயினும் பொதுமக்களின் சந்தாவைக் கையாளும் நமக்கு இவ்வரலாற்றில் பாடம் உண்டு. மன்றோவுக்குச் சென்னையில் எழுந்தது சிலை மட்டுமே. அவர் உயிர் நீத்த பத்திகொண்டாவிலோ, அரசு செலவில் ஒரு தோப்பு வைத்துக் கல்படிகள் கொண்ட கிணறும் வெட்டினார்கள். அவரை முதலில் அடக்கம் செய்த கூத்தியில் வழிப்போக்கருக்குச் சத்திரம் கட்டினார்கள். நடந்து களைத்தவர் நிழலில் அமர்ந்து நீர் அருந்துவதற்கு அந்தப் பெயரை அறிந்திருக்க வேண்டியதில்லை.

மறைந்த பெரியோர் ஒருவரின் நினைவைப் போற்ற எந்த ஊரில் குழு கூடினாலும், இரசீதுப் புத்தகம் அச்சிடுமுன் இந்த இரண்டு சிலைகளையும் அந்தக் கிணற்றையும் ஒருகணம் எண்ணிப் பார்த்தல் நலம்.