உணவு மேசைக்குத் திரை வந்த வரலாறு

கைத்தொலைபேசியைக் காட்டினாலன்றிப் பிள்ளை வாய் திறப்பதில்லை என்ற முறைப்பாடு இன்று நம்மவர் இல்லங்களில் மட்டுமன்றி, நாம் வாழும் நாடுகளின் மக்களிடையேயும் கேட்கின்றது. இதனை இக்காலப் பிள்ளைகளின் பிடிவாதம் என்று கருதுவோர் பலர். ஆயினும், உணவு வேளையும் திரையும் ஒன்றுசேர்ந்த வரலாறு எழுபது ஆண்டுப் பழமையுடையது. அவ்வரலாற்றில் பிள்ளைகளின் பிடிவாதத்தைவிட வணிகத்தின் பங்கே பெரிது.

இரண்டாம் உலகப் போரினால் நிறுத்தப்பட்டிருந்த பி.பி.சி. தொலைக்காட்சி 1946 இல் மீண்டும் தொடங்கியது. போருக்குப் பிந்திய அந்த ஆண்டுகளில் பிரித்தானியாவில் மாலை 6 மணி முதல் 7 மணி வரை ஒளிபரப்பு இருக்கவில்லை. சிறுவர் நிகழ்ச்சி முடிந்ததும், பெற்றோர் பிள்ளைகளைப் படுக்கைக்கு அனுப்புவதற்காகத் திரை இருண்டுவிடும். 'மழலையர் போர்நிறுத்தம்' என்று பொருள்படும் பெயரால் மக்கள் இதனை அழைத்தனர். 1955 செப்டெம்பரில், விளம்பர வருவாயை நம்பிய ஐ.ரி.வி. தொடங்கியபின் நிலைமை மாறிற்று. ஒரு மணிநேர இருள் என்பது ஒரு மணிநேர வருவாய் இழப்பாகும். பிள்ளைகளை உரிய வேளையில் உறங்கச் செய்வது பெற்றோர் பொறுப்பேயன்றி அரசின் பொறுப்பன்று என்பது, தபால்துறைக்குப் பொறுப்பாயிருந்த அமைச்சர் சார்ள்ஸ் ஹில்லின் கருத்து. 1957 பெப்ரவரியில் அந்தப் போர்நிறுத்தம் முடிவுக்கு வந்தது.

அமெரிக்காவில் வணிகம் நேராக உணவுத் தட்டுக்கே வந்தது. 1950 இல் அங்கு பத்தில் ஒரு வீட்டில்கூடத் தொலைக்காட்சி இருக்கவில்லை. 1960 இல் பத்தில் ஏறத்தாழ ஒன்பது வீடுகளில் இருந்தது. இவ்வளர்ச்சியைக் கண்ட ஒமாகா நகரின் சுவான்சன் நிறுவனம், 1953 இல் 'ரி.வி. டின்னர்' என்ற உறைந்த உணவை விற்பனைக்கு விட்டது. வான்கோழி இறைச்சி, பட்டாணி, வத்தாளங்கிழங்கு ஆகியவை பிரிப்புகள் கொண்ட அலுமினியத் தட்டில் அடுக்கப்பட்டிருந்தன. விலை 98 சதம். பெட்டியின் முகப்பு தொலைக்காட்சிப் பெட்டியைப் போன்றே வரையப்பட்டிருந்தது. குடும்பத்தினர் ஒருவரையொருவர் நோக்கி அமர்ந்த மேசையை விட்டு, அனைவரும் ஒரே திசையை நோக்கி அமரும் பழக்கம் இவ்வாறு பரவியது.

இதன் விளைவை ஆய்வாளர்கள் பின்னரே அளந்தனர். கூடுதலான நேரம் தொலைக்காட்சி பார்த்த சிறுவரிடையே உடற்பருமன் கூடுதலாக இருந்ததை 1985 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரப் பாடசாலையொன்றில், திரை நேரத்தைக் குறைக்க மாணவருக்குப் பயிற்சியளிக்கப்பட்டது. 1999 இல் வெளியான முடிவின்படி, திரைமுன் உண்ணும் வழக்கம் அவர்களிடையே குறைந்தது. மற்றொரு பாடசாலை மாணவருடன் ஒப்பிடுகையில் உடற்பருமனும் கட்டுப்பட்டது. 2009 இல் வெளியான பேர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வு காரணத்தைத் தெளிவாக்கியது. தொலைக்காட்சி பார்த்தபடி மதிய உணவு உண்ட மாணவியர், பின்னர் பிஸ்கற் வகைகளைக் கூடுதலாக உண்டனர். உண்ட உணவைப் பற்றிய நினைவும் அவர்களிடம் மங்கியிருந்தது. வயிறு நிறைந்தாலும் மனம் அதனைப் பதிவுசெய்வதில்லை என்பதே இதன் பொருள்.

இரவு வேலையும் பகல் வேலையுமாக ஓடும் அகதிக் குடும்பத்தில், களைத்த தாய் கைத்தொலைபேசியைக் கொடுப்பதைக் குற்றமாகச் சொல்லவியலாது. நாட்டுச் செய்தி அறியும் ஆவலில் உணவு வேளையிலும் தொலைக்காட்சியை இயக்கி வைக்கும் பெரியோரும் நம்மிடையே உளர். எனினும் நமக்கு இதில் மேலும் ஓர் இழப்பு உண்டு. பாடசாலையில் வேற்றுமொழி பேசும் பிள்ளை தமிழ் கேட்கும் வேளை பெரும்பாலும் உணவு வேளையே. திரையை நோக்கி உண்ணும் பிள்ளை, தான் உண்பது சொதியா வறையா என்பதையும் அறியாது. அவற்றின் பெயர்களையும் கேளாது.

அன்று அரசு காத்த அந்த ஒரு மணிநேரத்தை இன்று காக்கக்கூடியது வீடு மட்டுமே. நாளுக்கு ஒரு வேளையாயினும், பெரியோரின் திரைகளும் சேர்ந்து அணைந்திருக்க, குடும்பமாக அமர்ந்து உண்போம்.