நாலு இருந்தால் போதுமா?



போன வாரம் நாகர்கோவிலில் ஒரு கல்யாண வீட்டில் பழைய மாணவன் ஒருவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பேச்சு கூடங்குளம் பக்கம் போனது. "சார், அங்கே பாதுகாப்பு ஏற்பாடு எல்லாம் நாலு நாலு. ஒன்று நூற்றில் ஒரு தடவை கெடும் என்றால், நாலும் சேர்ந்து கெடுவது பத்துக் கோடியில் ஒன்று. நீங்க சொல்லித்தந்த பெருக்கல்தானே?" என்றான்.

பெருக்கல் சரி. ஆனால் நாணயம் சுண்டிக் காட்டிய அன்று, ஒன்று மற்றதைச் சாராதபோது மட்டுமே இப்படிப் பெருக்கலாம் என்பதை நான் அழுத்திச் சொல்லவில்லை. அந்தக் கடனுக்குத்தான் இந்தப் பதிவு.

பெரிய விபத்தை மேலே எழுதி, எதெது கெட்டால் அது நேரும் என்று கீழே கிளை பிரிப்பதைப் 'பிழை மரம்' என்பார்கள். 1960-களின் தொடக்கத்தில் ஏவுகணைக்காக அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்த முறை. நார்மன் ராஸ்முசென் தலைமையில் 1975-ல் வந்த அறிக்கை அதை அணு உலைகளுக்குப் பெரிய அளவில் பயன்படுத்தியது. அதே ஆண்டு மார்ச் 22 அன்று, அலபாமாவில் பிரௌன்ஸ் ஃபெர்ரி நிலையத்தில் காற்றுக் கசிவு பார்க்க ஒருவர் மெழுகுவர்த்தியைக் காட்டினார். கேபிள்கள் பற்றிக்கொண்டன. தனித்தனி என்று எண்ணியிருந்த பல ஏற்பாடுகள் ஒரே தீயில் போயின.

நம் நாட்டுக் கதை இதைவிடக் கனமானது. 1993 மார்ச் 31 அதிகாலை, உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கரையிலுள்ள நரோரா முதல் அலகில் டர்பைன் தகடுகள் முறிந்தன. ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. மாற்று மின்வழிக் கேபிள்களும் போதிய தடுப்பில்லாமல் அதே பாதையில் கிடந்ததால் சேர்ந்தே எரிந்தன. சுமார் 17 மணி நேரம் நிலையம் முழுக்க மின்சாரம் இல்லை. ஊழியர்கள் டார்ச் விளக்கோடு மேலே ஏறி, கையால் வால்வைத் திறந்து போரான் கரைசலை உலைக்குள் விட்டார்கள். தீயணைப்புக்கு வைத்திருந்த டீசல் பம்புகளால் நீராவிக் கலன்களுக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். கதிரியக்கம் வெளியே வரவில்லை. அவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும்.

2017-ல் ஒக்கி அடித்தபோது எங்கள் தெருவில் மின்கம்பியையும் டெலிபோன் கம்பியையும் ஒரே மரம் இழுத்துப்போட்டதே, அதே சங்கதிதான்.

இதற்கென்று 1970-களின் நடுவில் 'பீட்டா காரணி' முறை வந்தது. கணக்குக்காக, பத்துப் பழுதில் ஒன்று எல்லாவற்றையும் சேர்த்துக் கெடுக்கும் பொதுக் காரணத்தால் வருவது என்று வையுங்கள். 1/100 × 1/10. பத்துக் கோடியில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்றாகிவிடுகிறது! ஐந்தாவது, ஆறாவது என்று அடுக்கினாலும் அந்த ஆயிரம் அசையாது.

நரோராவுக்குப் பிறகு தகடுகளை மாற்றினார்கள், கேபிள்களைப் பிரித்தார்கள். கூடங்குளத்தில் மின்சாரமே இல்லாமல் வெளிக்காற்றால் வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாடும் இருக்கிறது. ஐந்தாவது டீசல் ஜெனரேட்டரைவிட அதற்குத்தான், தம்பி, நான் மார்க் கூடப் போடுவேன். அது வேறு வகை.