திருகோணமலை மாவட்டத்தின் பெருந்தெருக்களும் துறைகளும்: ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலையிலிருந்து கந்தளாய் வழியாகச் செல்லும் பெருந்தெருவிற் பயணஞ் செய்வோர், எண்கள் ஊர்ப்பெயர்களாக வழங்கக் கேட்டிருப்பர். கந்தளாயில் 91ஆம் கட்டை, தம்பலகாமத்தில் 95ஆம் கட்டை, 99ஆம் கட்டை என்றே மக்கள் இடஞ் சுட்டுவர். பஸ் நடத்துனரும் அவ்வாறே கூவுவார். மைல் கணக்கிட்டுத் தெருவோரம் நாட்டப்பட்ட கற்களே இங்குக் கட்டை எனப்படுகின்றன. மைல் போய்க் கிலோமீற்றர் வந்த பின்னரும் அப்பெயர்கள் போகவில்லை. இவ்வெண்களைச் சற்றுக் கூர்ந்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். துறைமுகப் பட்டினத்தை நெருங்க நெருங்க எண் குறைவதில்லை, கூடுகின்றது. அதாவது, இத்தெரு திருகோணமலையிலிருந்து அளக்கப்பட்டதன்று. மலைநாட்டுத் திசையிலிருந்து திருகோணமலையை நோக்கி அளந்து வரப்பட்டது. இம்மாவட்டத்துத் தெருக்களின் வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கு இச்சிறு செய்தியே போதிய தொடக்கமாகும்.

தெருக்கள் வருவதற்கு முன் இப்பிரதேச மக்கள் ஒருவரோடொருவர் தொடர்பின்றி வாழ்ந்தனர் எனக் கருதுதல் தவறாகும். திருகோணமலைப் பட்டினமும் சூழலும், தம்பலகாமப்பற்று, கட்டுக்குளப்பற்று, கொட்டியாரப்பற்று என வழங்கிய பிரிவுகள் குளத்தையும் கோயிலையும் ஆற்று முகத்தையும் நடுவாகக் கொண்டு அமைந்தவை. அவற்றை இணைத்தது பெரும்பாலும் நீர்வழியே. மகாவலி கங்கை வந்து கலக்கும் கொட்டியாரக் குடா, சுற்றியிருந்த ஊர்களுக்கு முற்றம் போல இருந்தது. கண்டி மன்னர்க்கும் அதுவே கடலுலகின் வாயிலாயிற்று. 1659இல் பாய்மரம் பழுதுபார்க்க இக்குடாவில் நங்கூரமிட்ட ஆங்கிலக் கப்பலைச் சேர்ந்த றொபேட் நொக்ஸ், மறு ஆண்டு மூதூர்ப் பக்கத்திற் சிறைப்பட்டு, காட்டு வழியே கண்டி நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்ட கதை யாவரும் அறிந்தது. ஆளும் பொருளும் செல்லத்தக்க வழி அன்றே இருந்தது என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

1624இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்த இடத்திற் கோட்டை எழுப்பிய நாள்முதல், திருகோணமலை என்றால் ஐரோப்பியருக்குக் கோட்டையும் கடற்படையுமே. 1795இல் அதனைக் கைப்பற்றிய பிரித்தானியரும் வேறுவிதமாக எண்ணவில்லை. 1803இல் கண்டிமீது படையெடுத்தபோது ஒரு படைப்பிரிவு கொழும்பிலிருந்தும் மற்றொன்று திருகோணமலையிலிருந்தும் புறப்பட்டது. அடுத்த ஆண்டில், மட்டக்களப்பிலிருந்து கண்டிக்குச் சென்ற கப்டன் ஜோன்ஸ்ரனின் படை பின்வாங்கித் திருகோணமலையை வந்தடைந்தது. படை நடந்த காட்டுத் தடங்களைத் தெருவாக்க வேண்டும் என்ற எண்ணம் இத்தகைய அனுபவங்களிலிருந்தே பிறந்தது.

1824 முதல் 1831 வரை தேசாதிபதியாயிருந்த எட்வேட் பான்ஸ் கண்டித் தெருக்களிற் காட்டிய ஊக்கம் புகழ்பெற்றது. அப்புகழுக்குப் பின்னே இராசகாரிய ஊழியம் இருந்தது என்பதை மறத்தலாகாது. 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது; எனினும், 1848ஆம் ஆண்டின் தெருச் சட்டம், வயதுவந்த ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவில் உழைக்க வேண்டும், அன்றேற் பணஞ் செலுத்த வேண்டும் என விதித்தது. பழைய ஊழியம் புதிய சட்டையை அணிந்து வந்தது எனலாம். அவ்வாண்டு மாத்தளைக் கிளர்ச்சிக்கு இச்சட்டமும் ஒரு காரணமாயிற்று.

இவ்விடத்து ஒரு வினா எழுகின்றது. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றெனப் புகழப்பட்ட திருகோணமலை ஏன் வணிகப் பட்டினமாக வளரவில்லை? கொழும்பில் இயற்கையான துறைமுகம் இருக்கவில்லை; 1875இல் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டியே அதனைத் துறைமுகமாக்கினர். ஆயினும் கோப்பியும் பின்னர் தேயிலையும் கொழும்பையே நாடின. தோட்டங்களிலிருந்து தெருவும் புகையிரதப் பாதையும் அங்கேயே இறங்கின. நீரின் ஆழம் மட்டும் ஒரு துறைமுகத்தை வளர்ப்பதில்லை. அதன் முதுகுப்புறத்தே வந்து சேரும் தெருவும் எதையேனும் சுமந்து வருதல் வேண்டும். திருகோணமலைத் தெரு சுமந்து வந்தது பெரும்பாலும் படையினரையும் கடிதங்களையும் படைக்கு வேண்டியவற்றையுமே. 1920களின் பிற்பகுதியில் வந்த புகையிரதமும், சீனன்குடாவில் எழுந்த எண்ணெய்க் குதங்களும் அந்நோக்கத்தையே தொடர்ந்தன. 1942 ஏப்பிரில் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும் இதன் விளைவே. 1957இற் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்ட பின்னரே தெருவின் பணி மாறத் தொடங்கிற்று.

அம்மாற்றம் தெருவோரத்தில் தெளிவாகத் தெரிந்தது. தம்பலகாமம் ஆதிகோணேசர் கோயிலையும் வயலையும் சார்ந்த பழைய ஊர். பெருந்தெரு அதனூடே செல்லாது விலகிச் செல்கின்றது. எனவே ஊர் ஓரிடத்திலும், ஊரின் பெயரைத் தாங்கிய சந்தி வேறிடத்திலுமாயின. கடை, தேநீர்ச்சாலை, பஸ் தரிப்பு ஆகியன கட்டைகளைச் சுற்றியே முளைத்தன. கந்தளாயின் வளர்ச்சியோ இன்னும் பெரிது. மரபிற் குளக்கோட்டனோடும் பாளி வரலாற்று நூல்களில் அக்கபோதியோடும் இணைக்கப்படும் குளத்தின்கீழ் அரசு குடியேற்றத் திட்டத்தை அமைத்தது; கரும்புச் செய்கையும் சீனித் தொழிற்சாலையும் தொடர்ந்தன. 1986 ஏப்பிரில் 20ஆந் திகதி அக்குளக்கட்டு உடைத்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கட்டின்மேற் கனரக வாகனங்களை ஓடவிட்டமையும் அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது.

குடியேற்றங்களைப் பற்றிப் பேசாது இம்மாவட்டத்துத் தெருக்களைப் பற்றிப் பேச இயலாது. 1881ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இருபதில் ஒரு பங்கினரிலுங் குறைவாயிருந்த சிங்கள மக்கள், 1981இல் மூன்றில் ஒரு பங்கினராயினர். இம்மாற்றத்தைத் தெரு மட்டுமே விளைத்தது என்பது மிகை. அது அரசு வகுத்த திட்டங்களின் பயன். ஆனால் அத்திட்டங்கள் பெருந்தெருக்கள் அடையக்கூடிய இடங்களிலேயே வேரூன்றின. வந்தோருட் பலர் காணியற்ற ஏழைகள் என்பதும், காணியின்மீது தமக்கிருந்த உரிமை நழுவுவதாகத் தமிழரும் முஸ்லிம்களும் அஞ்சினர் என்பதும் ஒருங்கே உண்மைகளாகும். இவற்றுள் ஒன்றை மறைத்து மற்றதை எழுதுவது வரலாறாகாது.

இனி, குடாவின் மறுபுறத்தை நோக்குவோம். ஒரு பெருந்தெரு பட்டினத்தைக் கண்டியோடும் கொழும்போடும் இணைத்த அதே காலத்தில், பட்டினத்திலிருந்து பார்த்தாற் கண்ணுக்குத் தெரியும் மூதூருக்குத் தொடர்ச்சியான தெரு இருக்கவில்லை. தரைவழியே செல்வோர் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என நான்கு துறைகளைக் கடக்க வேண்டும். அதற்கப்பால் மட்டக்களப்புக்குச் செல்வோரை மகாவலியின் மற்றொரு கிளையாகிய வெருகல் ஆறு மறிக்கும். கிழக்கிலங்கைப் பேச்சில், வாகனங்களை ஏற்றிக் கரை கடத்தும் மிதவையைப் 'பாதை' என்றே அழைப்பர். தெருவற்ற இடத்தில் மக்கள் மிதவையையே பாதையாக்கிக் கொண்டனர் போலும்.

மூதூரிற் பிறந்த எம் அம்மம்மா துறைகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் இலேசில் நிறுத்தமாட்டார். வாடைக் காலத்திற் கடல் கொந்தளிக்க லோஞ்ச் ஓடாது. துறைகளையே நம்ப வேண்டும். துறைக்குத் துறை தேநீர்க் கடை, அவித்த கடலை, வெற்றிலை. காத்திருக்கும் நேரத்திலேயே சம்பந்தம் பேசி முடித்தோரும் உண்டாம். அவருடைய தமக்கையாரைப் பிள்ளைப்பேற்று வேதனையோடு ஓரிரவு திருகோணமலைக்குக் கொண்டுபோனபோது, பாதை மறுகரையிற் கட்டப்பட்டிருந்தது. கூப்பிட்டும் ஒருவரும் வரவில்லை. விடியும்வரை மாட்டுவண்டியிலேயே கிடந்தார். தாய் பிழைத்தார், பிள்ளை பிழைக்கவில்லை. வேகத்தின்மீது மனிதர் கொண்ட ஆசையைப் பற்றி நாம் ஏளனமாகப் பேசும்போதெல்லாம் இக்கதை நினைவுக்கு வரும்.

திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குக் கரையோரமாக ஏறத்தாழ 130 கிலோமீற்றர். துறைகளுக்கும் பின்னர் போருக்கும் அஞ்சி, பயணிகள் ஹபறணை, பொலன்னறுவை வழியாக 200 கிலோமீற்றருக்கு மேற் சுற்றினர். கிழக்கின் இரு தமிழ்பேசும் பட்டினங்கள் ஒன்றையொன்று காண மாகாணத்துக்கு வெளியே சென்று திரும்பவேண்டியிருந்தமை விந்தையே. ஆபிரிக்காவின் குடியேற்ற நாடுகளிற் புகையிரதப் பாதைகள் சுரங்கத்தையும் துறைமுகத்தையும் இணைத்து, அயல் ஊர்களைப் பிரித்தே வைத்திருந்தமையை இதனோடு ஒப்பிடலாம்.

சவூதி அரேபியாவின் உதவியோடு கட்டப்பட்ட 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்ரோபரில் திறக்கப்பட்டபோது நாட்டின் மிக நீண்ட பாலமாக விளங்கியது. ஏனைய துறைகளிலும், வெருகலிலும், பிரான்சின் நிதியோடு பாலங்கள் அமைந்து 2011இற் கரையோரத் தெரு தொடர்ச்சி பெற்றது. துறைக்கடைகள் மறைந்தன, புதிய கடைகள் சந்திகளிற் தோன்றின. அம்மம்மா முதன்முறை பஸ்ஸில் இருந்தபடியே கங்கையைக் கடந்தபோது, இறங்கவேண்டிய இடம் வந்துவிட்டதென எண்ணிப் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார்.

பெருந்தெருவிற் துறைகள் ஒழிந்தன. கிளைத் தெருக்களில் ஒழியவில்லை. கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியிற் பழைய பாலத்தை அகற்றிப் புதியது கட்டும் வேலை முடியாதிருந்த நிலையில், மக்கள் மீண்டும் மிதவையில் ஏறினர். 2021 நவம்பர் 23ஆந் திகதி காலை அது கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட சிறுவர்கள் உட்பட ஆறு பேருக்குக் குறையாதோர் உயிரிழந்தனர். அவ்விடத்திலிருந்து 2009இற் திறந்த பெரிய பாலத்துக்குச் சில கிலோமீற்றர் தூரமே.