மின்னணுக் கையேடு – பயிற்சிப் பாட ஒருங்கிணைப்பு (ராணுவத் தளவாடம்)

போர் ஊர்தி, விமானம், கப்பல் ஆகியவற்றின் பராமரிப்புக் கையேட்டையும், அவற்றைப் பழுதுபார்ப்போருக்கான கணினிவழிப் பாடத்தையும் ஒரே தரவுத்தளத்திலிருந்து உருவாக்கும் முறை. இரண்டும் தனித்தனியே தயாராகும்போது, ஓர் உதிரிபாகம் மாறினால் கையேடு திருத்தப்படும். பாடம் பழையபடியே நின்றுவிடும். பழைய பாடத்தைப் படித்தவர் கையில் விமானத்தை ஒப்படைப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

இதற்கு அடித்தளம் எஸ்1000டி என்ற தரவிதி. ஐரோப்பிய விமானத் தொழில்துறையில் பிறந்த இது 1989-இல் முதலில் வெளியானது. கையேடு முழுவதும் சிறு தரவுக்கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் குறியீடு தரப்படுகிறது. குறியீட்டில் 520 என்றிருந்தால் பாகத்தைக் கழற்றும் முறை. 720 என்றால் பொருத்தும் முறை. அதே கூறைப் பாடமும் எடுத்தாளுவதால் ஓரிடத்தில் திருத்தினாலே போதும். பாடங்களைத் தொகுக்க அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் முயற்சியில் 2000-இல் ஸ்கார்ம் விதிகள் வந்தன. 2008-இல் எஸ்1000டியின் 4.0 பதிப்பு கற்றல் கூறுகளையும் சேர்த்துக்கொண்டது. கையேட்டையும் பாடத்தையும் உண்மையில் இணைத்தது அதுதான்.

இந்திய முப்படைகளின் மின்னணுக் கையேடுகளுக்கு ஜேஎஸ்ஜி 0852 என்ற வழிகாட்டி உண்டு. தமிழ்நாட்டில் அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளியில், 2013 முதல் இயங்கும் பி-8ஐ கடல் ரோந்து விமானங்களுக்கான பயிற்சி, தரவு கையாளும் மையத்தை போயிங் அமைத்துள்ளது. ஆவடி கனரக ஊர்தித் தொழிற்சாலையிடம் 118 அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கிகள் கோரப்பட்டது 2021 செப்டம்பரில். அங்கு உழைப்போருக்காக இத்தகைய பாடங்கள் தமிழிலும் வரவேண்டும்.