கருமுட்டையில் நுண்ணூசி செலுத்துதல்

மிக மெல்லிய கண்ணாடிக் குழாய்முனையால் கருமுட்டைக்குள் உட்கரு, ஆர்.என்.ஏ., விந்தணு போன்றவற்றைச் செலுத்தி, முட்டை எவ்வாறு கருவாக வளர்கிறது என்று ஆராயும் முறை. இன்று மருத்துவமனைகளிலும் பயன்படுகிறது.

ஒற்றைப் பாக்டீரியாவைப் பிரித்தெடுக்க அமெரிக்கரான மார்ஷல் பார்பர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய நுண்குழாயே இதன் முன்னோடி. 1952இல் பிரிக்ஸும் கிங்கும் உட்கரு நீக்கிய தவளை முட்டையில் வேறோர் உயிரணுவின் உட்கருவைச் செலுத்தித் தலைப்பிரட்டைகளை வளர்த்தனர். 1971இல் ஜான் கர்டன் குழுவினர் முயலின் ஆர்.என்.ஏ.வைத் தவளையின் முட்டை உயிரணுவுக்குள் ஏற்ற, அது முயலின் ஹீமோகுளோபினையே தயாரித்தது.

மனித முட்டைக்கு இம்முறை வந்த கதையில் இலங்கையில் பிறந்த சதானந்தன், ரத்னம், பொங்சோ ஆகிய மூவரின் பங்கு பெரிது. நம்மவர்கள் அதை இன்னும் அதிகமாகப் பேசவேண்டும். 1987இல் மெல்பர்னில், முட்டையைச் சூழ்ந்த சோனா உறைக்கு அடியில் ஒரே ஒரு விந்தணுவை வைத்துக் கருவுறச் செய்த குழுவில் ஹென்றி சதானந்தன் இருந்தார். மறு ஆண்டு, பேராசிரியர் எஸ். எஸ். ரத்னம், இங் சூன் சாய், அரிஃப் பொங்சோ ஆகியோருடன் அவரும் பங்கேற்ற சிங்கப்பூர்க் குழு, உறைக்கு அடியில் பல விந்தணுக்களை வைத்து உண்டான கர்ப்பத்தை 'லான்செட்' இதழில் அறிவித்தது. கால்நடை மருத்துவரான பொங்சோ, அதற்குமுன் கிள்ளான் பள்ளத்தாக்கின் செர்டாங்கில், அன்றைய மலேசிய விவசாயப் பல்கலைக்கழகத்தில், எருமைகளின் குரோமோசோம்களை ஆராய்ந்தவர்.

ஊசி உள்ளே போனபின் நடப்பதைக் காட்டியது சதானந்தனின் மின்னணு நுண்ணோக்கி. என் கணிப்பில், இவ்வரலாற்றின் மிக மதிப்புள்ள பகுதி இதுவே. முதல் உயிரணுப் பிரிவை ஒழுங்குபடுத்தும் சென்ட்ரியோல், மனிதரில் விந்தணு வழியே முட்டைக்குள் வருகிறது என்று அவரும் சகாக்களும் 1991இல் படங்களுடன் நிறுவினர். ஆய்வகச் சுண்டெலியில் அப்படி இல்லை. எனவே சுண்டெலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது என்பது உறுதியானது. இரண்டு விந்தணுக்கள் நுழைந்தால் பிரிவுக் கதிர்கள் பல முனைகளாகச் சிதறி, குரோமோசோம்கள் தாறுமாறாகப் பங்கிடப்படலாம்.

உறைக்கு அடியில் பல விந்தணுக்களை வைக்கும் முறையில் அந்த ஆபத்து எப்போதும் இருந்தது. 1992இல் பிரசல்ஸில் பலெர்மோ குழுவினர் ஒற்றை விந்தணுவை நேரே முட்டையின் சைட்டோபிளாசத்துக்குள் செலுத்திப் பெற்ற கர்ப்பங்களை அறிவித்தபின் பழைய முறை வழக்கொழிந்தது. மருத்துவர்கள் ஆண் மலட்டுத்தன்மை உள்ள தம்பதியரிடம் 'இக்சி' என்று சொல்வது இந்த நேரடிச் செலுத்தலைத்தான்.