'ஏலாது' என்று சொல்லப் பழகிய வானம்

குறிஞ்சிப்பிட்டிக்கு மேலே இருக்கும் வானம், விமானக் கணக்கில் கொழும்பு வான்பரப்புக்குள் வருகிறது. அதில் போகும் பயணிகள் விமானங்கள் தரையில் இருக்கும் கட்டுப்பாட்டாளரோடு ரேடியோவில் கதைத்துக்கொண்டுதான் போகின்றன. கதைக்கிற பாஷை இங்கிலீஷ். இரத்மலானையில் தனியார் பைலட் லைசென்ஸுக்குப் பறக்கப் பழகும் மாணவரும் அதே பாஷையில்தான் டவரைக் கூப்பிட வேணும். 'நமக்கு இங்கிலீஷ் சரிவராது, பிளேன் ஓட்டுறதெல்லாம் நடக்கிற காரியமா?' என்று தமிழ் மொழிமூலம் படித்த பலர் ஆசையை மூடிவைக்க இதுவும் ஒரு காரணம். கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற நாங்கள், அந்தப் பாஷை எப்படி உருவானது என்று தேடிப் பார்த்தோம். பார்க்கப் பார்க்கப் பயம் குறைந்தது.

கதை லண்டன் குரொய்டன் விமானநிலையத்தில் தொடங்குகிறது. 1920களின் தொடக்கத்தில் அங்கே ரேடியோ அதிகாரியாக இருந்தவர் பிரெடரிக் மொக்ஃபோர்ட். ஆபத்தில் இருக்கும் விமானி கூப்பிட ஒரு சொல் தேவைப்பட்டது. கப்பல்காரரின் 'எஸ்.ஓ.எஸ்.' மோர்ஸ் தந்திக்குச் சரி. வாயால் சொன்னால் 'எஸ்' என்ற எழுத்து தெளிவாக விழாது. குரொய்டன் விமானங்களில் பல பாரிஸ் போய் வருகிறவை. ஆகவே 'எனக்கு உதவுங்கள்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் ஒலியை எடுத்து 'மேடே' என்று வைத்தார். 1927இல் வாஷிங்டன் மாநாடு அதை உலகத்துக்கே பொதுவாக்கியது. விமானிகளின் ஆகப் பிரபலமான சொல்லே இங்கிலீஷ் இல்லை, பாருங்க.

எங்கட தீவுக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி, கொக்கலவிலிருந்து கிளம்பிய கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சல், இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டார். செய்தியை மூன்று தடவை அனுப்புவது விதி. மூன்றாம் தடவை மோர்ஸில் தட்டிக்கொண்டிருக்கும்போதே ரேடியோ சுடப்பட்டு உடைந்தது. அதற்குள் செய்தி கரை சேர்ந்துவிட்டது. மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டபோது பல கப்பல்கள் துறைமுகத்தை விட்டுப் போயிருந்தன.

போருக்குப் பிறகு சொற்களைப் பல நாட்டுக்காரரின் வாயிலும் காதிலும் வைத்துச் சோதித்தார்கள். 'பி', 'டி', 'வி' எல்லாம் ரேடியோவில் ஒரே மாதிரிக் கேட்கும். அதனால் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று போகும் எழுத்து வரிசை 1956இல் நடைமுறைக்கு வந்தது. 'ஃபைவ்', 'நைன்' குழம்பாமல் இருக்க 'ஃபைஃப்', 'நைனர்'. இங்கிலீஷ்காரரும் இதைப் புதிதாகத்தான் பழகினார்கள்.

மற்ற விதிகள் விபத்துகளில் இருந்து வந்தவை. 1977 மார்ச் 27, தெனெரீஃபெ விமானநிலையம், மூடுபனி. ஒரே ரன்வேயில் இரண்டு ஜம்போ விமானங்கள். டச்சு விமானி 'வீ ஆர் நவ் அட் டேக்-ஆஃப்' என்றார். ஓடத் தொடங்கிவிட்டோம் என்பது அவர் கருத்து. கிளம்பத் தயாராக நிற்கிறார்கள் என்று டவருக்கு விளங்கியது. டவர் 'ஓகே' என்றது. அடுத்து டவர் சொன்ன 'பொறுங்கள்' என்பதும், மற்ற விமானம் 'நாங்கள் இன்னும் ரன்வேயில்தான்' என்றதும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து இரைச்சலாகிப் போச்சு. இறந்தவர்கள் 583 பேர். அதன்பிறகு 'டேக்-ஆஃப்' என்ற சொல், கிளம்ப அனுமதி கொடுக்கவும் அதை ரத்துச் செய்யவும் மட்டும்தான். முக்கியமான உத்தரவுக்கு 'ஓகே' போதாது. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேணும்.

1996 நவம்பர் 12, டெல்லிக்குப் பக்கத்தில் சர்க்கி தாத்ரி. சவூதி விமானம் 14,000 அடிக்கு ஏறிக்கொண்டிருந்தது. எதிரே வந்த கஸகஸ்தான் விமானத்துக்குக் கொடுத்த உயரம் 15,000 அடி. அது அதற்கும் கீழே இறங்கிவிட்டது. 349 பேர் இறந்தார்கள். சவூதி விமானத்தில் இருந்தவர்களில் பலர் பிழைப்புக்காகப் போன இந்தியர்கள். இது போன்ற விபத்துகளுக்குப் பிறகு, 2003இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு ஆங்கிலத் தேர்ச்சி விதியைக் கொண்டுவந்தது. 2008 மார்ச் முதல் ஆறு நிலைகளில் குறைந்தது நான்காம் நிலை வேணும். எதிர்பாராதது நடந்தால் அதைச் சாதாரண வார்த்தையில் சொல்லத் தெரிய வேணும். உச்சரிப்பில் தாய்மொழி வாடை அடிக்கலாம்; கேட்பவருக்கு விளங்கினால் சரி.

இங்கிலீஷ் தெரிந்தும் விழுந்த விமானம் ஒன்று இருக்கு. 1990 ஜனவரி 25, கொலம்பியாவிலிருந்து நியூயோர்க் போன அவியாங்கா விமானத்தை ஒரு மணிநேரத்துக்கு மேல் வானத்திலேயே சுற்ற வைத்தார்கள். எரிபொருள் முடிகிறது என்று துணைவிமானி சொன்னார். ஆனால் 'மேடே' என்றோ 'எமர்ஜென்சி' என்றோ கடைசிவரை சொல்லவில்லை. டவருக்கு அவசரம் உறைக்கவில்லை. 73 பேர் இறந்தார்கள். பெரியவர்களிடம் முகத்துக்கு நேரே 'ஏலாது' என்று சொல்லிப் பழகாத நமக்கு, அந்தத் துணைவிமானியின் தயக்கம் நன்றாகவே விளங்கும். விரிவுரையில் ஒன்றும் விளங்காமலே தலையாட்டிவிட்டு வருகிற கூட்டம்தானே நாம்.

பறக்கப் பழகும் மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பது அந்தத் தயக்கத்தை விடத்தான். முதல் அழைப்பில் நான்கு விஷயம்: யாரைக் கூப்பிடுகிறோம், நாம் யார், எங்கே இருக்கிறோம், என்ன வேணும். கேட்டது விளங்கவில்லை என்றால் 'சே அகெய்ன்'. செய்ய முடியாததைச் சொன்னால் 'அனேபிள்', அதாவது 'ஏலாது'. பிரிட்டனில் தனியாகப் பறக்கும் மாணவர் தன் அழைப்புப் பெயருக்கு முன்னால் 'ஸ்டூடன்ட்' என்று சேர்த்துச் சொல்வார். கட்டுப்பாட்டாளரும் அதற்கேற்ப நிதானமாகக் கதைப்பார். கற்றுக்குட்டி என்று அறிவிப்பதில் அங்கே வெட்கம் ஒன்றும் இல்லை.

சொற்களை ஆறு மாதம் இருந்து பாடமாக்கலாம். திருப்பிச் சொல்லும் பழக்கமும் வந்துவிடும். 'விளங்கல்ல, திரும்பச் சொல்லுங்க' என்று கேட்கிற துணிவுக்கு மட்டும் பிளேன் ஏறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நாளைக்குக் காலை விரிவுரையிலேயே தொடங்கலாம்.